தட்டுங்கள், கிடைக்கும்! உங்கள் பிரவுசருக்குள் இத்தனை தேடல் வித்தைகள் இருப்பது தெரியுமா?

இந்த ஃபங்ஷனுக்கு முதலில் எதைக் கொடுக்க வேண்டும்? இந்த எர்ரர் எதனால் வருகிறது? போன பதிப்பில் ஓடிய கோடு புதிய பதிப்பில் ஏன் படுத்துவிட்டது? புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு எழுதும் நேரத்தைவிடத் தேடும் நேரம்தான் பல நாள் அதிகம்! தரமணியில் வேலை பார்ப்பவருக்கும் சரி, தி.நகரில் பயிற்சி வகுப்புக்குப் போகிறவருக்கும் சரி, மயிலாப்பூரில் வீட்டிலிருந்தபடியே ஆன்லைன் பட்டம் படிப்பவருக்கும் சரி, விடை எல்லாம் டாக்குமென்டேஷனில், சுருக்கமாகச் சொன்னால் டாக்ஸில், இருக்கிறது. அதைச் சட்டென்று எடுத்துத் தரும் கருவிகளோ நீங்கள் தினமும் திறக்கிற பிரவுசருக்குள்ளேயே இருக்கின்றன. காசு வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தெரிந்துகொண்டால் போதும். ஏஐ சொல்லும் பதில் சரிதானா என்று பார்ப்பதற்கும் மூல டாக்ஸுக்குத்தான் போயாக வேண்டும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

தேடுகிறவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று விதியே வகுத்தவர் நம் ஊர் நூலகர், தெரியுமா?

எஸ்.ஆர். ரங்கநாதன்! மாநிலக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். அந்தக் காலத்தில் நூலகம் என்றால் புத்தகத்தைப் பூட்டிப் பாதுகாப்பது என்றுதான் பல இடங்களில் நினைப்பு. சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஊழியர் உள்ளே போய் எடுத்து வரும்வரை வாசகர் காத்திருக்க வேண்டும். ரங்கநாதன் லண்டன் போய் நூலகவியல் கற்றுத் திரும்பினார். அலமாரிகளை வாசகருக்கே திறந்துவிட்டார். 1931-ல் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட அவருடைய புத்தகம், உலகம் முழுக்க நூலகர்கள் இன்றும் படிக்கிற ஐந்து விதிகளைத் தந்தது. வாசகரின் நேரம் மிச்சமாக வேண்டும் என்பது அதில் நான்காவது. இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு கருவியையும் அந்த விதியை வைத்து உரசிப் பாருங்கள், மாற்றுக் குறையாமல் நிற்கும்!

கடைத் தளங்களில் நீங்கள் சொடுக்கும் ஃபில்டருக்கும் 1933-ம் ஆண்டுச் சென்னைக்கும் தொடர்பு உண்டு, தெரியுமா?

ஒரு புத்தகத்துக்கு ஒரே ஓர் இடம், ஒரே ஓர் எண் என்ற பழைய முறை ரங்கநாதனுக்குப் போதவில்லை. லண்டன் கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுத் துண்டுகளைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்து எத்தனை பொம்மை செய்கிறார்கள்! பாடப்பொருளையும் அப்படித் துண்டாக்கிக் கோக்கலாமே என்று தோன்றியது. பிறந்தது கோலன் பகுப்புமுறை, 1933-ல் அச்சேறியது. எதைப் பற்றியது, எந்தப் பொருளால் ஆனது, என்ன செயல் நடக்கிறது, எங்கே, எப்போது என்று ஒரு விஷயத்தை ஐந்து முகங்களாகப் பிரித்துப் பார்க்கும் முறை அது.

பாண்டி பஜார் துணிக்கடை ஒன்றின் இணையதளத்தில் பட்டு, நிறம், விலை என்று தனித்தனியாகச் சொடுக்கிச் சேலையைத் தேடுகிறோமே, அது இந்த முகப் பகுப்பு வழியில் வந்ததுதான். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் சதுர அடைப்புக்குள் பைதான் என்று போட்டுத் தேடினால் பைதான் குறியிட்ட கேள்விகள் மட்டும் வருகின்றனவே, அதுவும் அப்படியே.

ரங்கநாதன் சொன்ன காலம் என்ற முகம் டாக்ஸில் எங்கே இருக்கிறது தெரியுமா? பதிப்பு எண்ணில்! பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்தது. ஆனால் அந்தக் காலத்து விடைகள் இணையத்தில் இன்னும் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் அடைப்புக்குறி இல்லாமல் எழுதிய பிரின்ட் வரியைப் பைதான் 3-ல் ஒட்டினால் உடனே எர்ரர். பைதான் டாக்ஸ் பக்கத்தின் மேலே பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் சின்னப் பெட்டி இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். அரை நாள் அலைச்சல் மிச்சம்!

முகவரிப் பட்டியையே உங்கள் சொந்தத் தேடல் எஞ்சினாக்கிக்கொள்ளலாம், தெரியுமா?

கூகுள் குரோம் வெளிவந்தது 2008 செப்டம்பர் 2. அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அசோக் நகரில் வளர்ந்து, அடையாறு ஐஐடி வளாகத்து வனவாணிப் பள்ளியில் படித்த சுந்தர் பிச்சை. அதுவரை பல பிரவுசர்களில் முகவரிக்கு ஒரு பெட்டி, தேடலுக்கு ஒரு பெட்டி. குரோம் இரண்டையும் ஒன்றாக்கியது. அந்த ஒரே பெட்டிக்குள் எவ்வளவு சக்தி அடைத்துவைத்திருக்கிறார்கள் என்பதுதான் பலருக்கும் தெரியவில்லை!

செய்து பாருங்கள். நீங்கள் அதிகம் பார்க்கும் டாக்ஸ் தளத்துக்குப் போய், அங்கே உள்ள தேடல் பெட்டியில் ஏதாவது ஒரு சொல்லைத் தேடுங்கள். முடிவுப் பக்கத்தின் முகவரியைப் பாருங்கள். நீங்கள் தேடிய சொல் அதற்குள்ளேயே எங்காவது உட்கார்ந்திருக்கும். முகவரியை நகலெடுத்து, அந்தச் சொல்லை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் சதவீதக் குறியையும் ஒட்டினாற்போல் எஸ் என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தையும் போடுங்கள். குரோமின் அமைப்புகளில் தேடல் எஞ்சின் பகுதிக்குப் போனால் தளத் தேடலைச் சேர்க்கும் வசதி இருக்கும். அங்கே தளத்தின் பெயர், ஒரு சுருக்கச் சொல், மாற்றிய முகவரி மூன்றையும் கொடுத்துச் சேமியுங்கள்.

பைதானுக்கு பி, ஒய் என்று இரண்டெழுத்து வைத்ததாகக் கொள்வோம். இனி எந்தப் பக்கத்தில் இருந்தாலும் கன்ட்ரோலோடு எல் தட்டினால் கர்சர் முகவரிப் பட்டிக்குத் தாவும். பி, ஒய், டேப், தேட வேண்டிய சொல், என்டர். முடிந்தது! மவுஸைத் தொடவே இல்லை. கூகுள் முடிவுப் பட்டியலில் விளம்பரத்தையும் பழைய பாடங்களையும் தாண்டி இறங்கவும் இல்லை. பதினைந்து நிமிடம் உட்கார்ந்து ஐந்தாறு தளங்களுக்கு இப்படிச் சுருக்கச் சொல் வைத்துவிட்டால் ஆண்டு முழுக்கப் பலன். ஃபயர்ஃபாக்ஸிலும் இதே வசதி உண்டு. பல தளங்களில் தேடல் பெட்டி மேல் வலப்பக்கச் சொடுக்குப் போட்டாலே சேர்த்துக்கொள்ளலாம்.

முகவரியை நகலெடுத்து மாற்றாமலே சில தளங்கள் டேப் விசைக்குக் காத்திருக்கின்றன, தெரியுமா?

அமேசானின் ஏ9 நிறுவனம் 2005-ல் ஓபன்சர்ச் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. "என்னிடம் தேடல் பெட்டி இருக்கிறது, அதன் முகவரி இது" என்று தளமே ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்துவிடும். பிரவுசர் அதைப் படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட தளத்துக்கு ஏற்கெனவே போயிருந்தால், குரோமின் தளத் தேடல் அமைப்பில் அதை ஒருமுறை இயக்கிவிட்டபின், முகவரிப் பட்டியில் தளத்தின் பெயரைத் தட்டத் தொடங்கியதும் டேப் அழுத்தச் சொல்லிக் குறிப்பு வரும். அழுத்தினால் நேரே உள்ளே தேடலாம்!

நேற்று திறந்த பக்கத்தை ஒரே குறியில் மீட்கலாம், தெரியுமா?

"எங்கேயோ பார்த்தேனே!" என்று தலையைச் சொறியாதவர் உண்டா? ஃபயர்ஃபாக்ஸ் முகவரிப் பட்டியில் நட்சத்திரக் குறி போட்டு இடைவெளி விட்டுத் தேடுங்கள்: புக்மார்க்குகள் மட்டும். சதவீதக் குறி: திறந்திருக்கும் டேப்கள் மட்டும். கூரைக் குறி (^): முன்பு பார்த்த பக்கங்கள் மட்டும். குரோமில் அட் குறியோடு (@) ஹிஸ்டரி, டேப்ஸ், புக்மார்க்ஸ் என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதே வேலை நடக்கும். முப்பது டேப் திறந்துவைத்துத் திணறுகிறவர்களுக்குக் குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்துத் தட்டினால் டேப்களைத் தேடும் பெட்டியே விரியும்.

இன்னொரு வியப்பு! ஃபயர்ஃபாக்ஸ் உங்கள் ஹிஸ்டரியையும் புக்மார்க்குகளையும் உங்கள் கணினியிலேயே ஓர் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் வைத்திருக்கிறது. ஒரு பக்கத்துக்கு எத்தனை முறை போனீர்கள், கடைசியாக எப்போது போனீர்கள் இரண்டையும் கலந்து மதிப்பெண் போடுகிறது. தினமும் போகும் பக்கம் இரண்டெழுத்து அடித்ததுமே முதலில் வந்து நிற்பது அதனால்தான்.

நூற்றுக்கும் மேற்பட்ட டாக்ஸ் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன, தெரியுமா?

டெவ்டாக்ஸ்! தீபோ கூரூப்ள் என்ற புரோகிராமர் 2013-ல் வெளியிட்டது. பின்னாளில் ஃப்ரீகோடுகேம்ப் அமைப்பின் கைக்கு வந்தது. ஜாவாஸ்கிரிப்ட், பைதான், எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ரியாக்ட், போஸ்ட்கிரெஸ், கிட் என்று வெவ்வேறு தளங்களில் வெவ்வேறு கோலத்தில் கிடந்த டாக்ஸை எல்லாம் ஒரே தோற்றத்தில், ஒரே தேடல் பெட்டிக்குக் கீழே அது கொண்டுவந்துவிட்டது. முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது, மூல நிரலும் திறந்தே இருக்கிறது.

அது தேடும் அழகைப் பாருங்கள். சிஎஸ்எஸ்ஸில் பேக்கிரவுண்ட்-கிளிப் என்று ஒன்று உண்டு. முழுப் பெயரைத் தட்ட வேண்டாம். பி, ஜி, சி, பி என்று நான்கே ஆங்கில எழுத்தைத் தட்டுங்கள். அந்த நான்கும் அதே வரிசையில் எந்தப் பெயருக்குள் வருகின்றன என்று பார்த்து, பேக்கிரவுண்ட்-கிளிப்பைக் கொண்டுவந்து நிறுத்துகிறது! பைதானில் மட்டும் தேட வேண்டுமா? பைதான் என்று தட்டத் தொடங்கி டேப் அழுத்துங்கள். பெட்டிக்குள் அந்தப் பெயர் பொருந்தி உட்காரும். அதன்பின் நீங்கள் அடிப்பதெல்லாம் அதற்குள் மட்டுமே தேடும். தேடல் பெட்டியைச் சொடுக்கக்கூட வேண்டாம், பக்கம் திறந்திருக்கும்போது தட்டத் தொடங்கினால் போதும்.

இணையம் இல்லாத நாளிலும் டாக்ஸ் கிடைக்கும், தெரியுமா?

சென்னைக்காரர்களுக்கு இதன் அருமையைச் சொல்லித் தர வேண்டுமா? 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் தண்ணீரில் நின்றபோது கரன்ட் போயிற்று, போன் போயிற்று, இணையமும் போயிற்று. 2016 டிசம்பர் 12-ல் வர்தா, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம். மழைக்காலம் வந்தாலே நெட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர் இது.

டெவ்டாக்ஸில் ஆஃப்லைன் பகுதிக்குப் போய் வேண்டிய டாக்ஸுக்கு எதிரே நிறுவும் பொத்தானை ஒருமுறை அழுத்திவிடுங்கள். அத்தனை பக்கமும் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சேமிப்பில் இறங்கிவிடும். வைஃபை அணைந்தபின்னும் தேடல் ஓடும், பக்கம் திறக்கும்! மொபைலிலும் இதே கதைதான். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறித் திருவான்மியூரில் இறங்குவதற்குள், சிக்னல் வந்து வந்து போனாலும், ஓர் அத்தியாயம் படித்துவிடலாம்.

இன்னும் பெரிதாக வேண்டுமா? கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவையும் தமிழ் விக்கிபீடியாவையும்கூட ஒற்றைக் கோப்பாக இறக்கித் தருகிறது. விண்டோஸ், லினக்ஸ் கணினிகளில் ஸீல், மேக்கில் டாஷ் என்ற செயலிகளும் இதே வேலையைப் பார்க்கின்றன. மழை தொடங்கும் முன்பே, ஐப்பசிக்குள் இதையெல்லாம் இறக்கி வைத்துவிடுங்கள்!

உங்கள் கணினியில் டாக்ஸ் சர்வர் ஒன்று ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கிறது, தெரியுமா?

பைதான் நிறுவியிருக்கிறீர்களா? டெர்மினலைத் திறந்து ஆங்கிலத்தில் பைதான், மைனஸ் எம், பைடாக், மைனஸ் பி என்று நான்கையும் இடைவெளி விட்டுத் தட்டுங்கள். பிரவுசரில் ஒரு பக்கம் தானாகத் திறக்கும். உங்கள் கணினியில் உள்ள எல்லா மாட்யூல்களின் விளக்கமும் அதில்! நீங்களே நிறுவிய லைப்ரரிகள், ஏன், நீங்களே எழுதிய மாட்யூலின் குறிப்புகள்கூட வரும். இணையம் தேவையே இல்லை. பதிப்புக் குழப்பமும் கிடையாது. கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறதோ அதற்கான விளக்கமே வரும். ரஸ்ட் மொழிக்காரர்கள் ரஸ்ட்அப், டாக் என்று இரண்டு சொல் தட்டினால் முழு டாக்ஸும் பிரவுசரில் திறக்கும்.

சாய்கோட்டுக் குறி ஒரு மந்திர விசை, தெரியுமா?

விசைப்பலகையில் கேள்விக்குறியோடு ஒண்டிக்கொண்டிருக்கும் சாய்கோட்டைத் (/) தட்டிப் பாருங்கள். கிட்ஹப்பில் தட்டினால் கர்சர் தேடல் பெட்டிக்குள் குதிக்கும். பைதான் டாக்ஸில் தட்டினாலும் அப்படியே. ரஸ்ட் டாக்ஸிலும் அதுவேதான். வேறு பல தளங்களில் கன்ட்ரோலோடு கே தட்டினால் திரை நடுவே ஒரு பெட்டி விரியும்.

அந்தப் பெட்டிக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது பாரிஸில் பிறந்த அல்கோலியா நிறுவனத்தின் டாக்சர்ச். திறந்த மூல டாக்ஸுக்கு 2015-லிருந்து இலவசமாகத் தருகிறார்கள். அவசரத்தில் எழுத்துப் பிழையோடு அடித்தாலும் அது கோபித்துக்கொள்வதில்லை. சொல்லில் குறைந்தது நான்கு எழுத்து இருந்தால் ஒரு பிழையையும், எட்டு எழுத்து இருந்தால் இரண்டு பிழையையும் பொறுத்துக்கொள்வது அதன் வழக்கமான அமைப்பு. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நமக்கு எத்தனை பெரிய உதவி!

சில தளங்களில் தேடல் சர்வரில் நடப்பதே இல்லை, தெரியுமா?

பைதான் டாக்ஸைக் கட்டித் தருவது ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவி. கியோர்க் பிராண்டல் 2008-ல் வெளியிட்டது. அது பக்கங்களைத் தயாரிக்கும்போதே எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்ற சொல்லடைவையும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாகச் செய்துவிடுகிறது. நீங்கள் தேடும்போது அந்தக் கோப்பு பிரவுசருக்கு வந்துவிடும். தேடல் முழுக்க உங்கள் கணினியிலேயே நடக்கும்.

சொல்லை அப்படியே ஒப்பிடுவதும் இல்லை! கனெக்ட், கனெக்டட், கனெக்டிங், கனெக்ஷன் எல்லாவற்றின் வாலையும் வெட்டி ஒரே வேருக்குக் கொண்டுவந்து ஒப்பிடுகிறது. 1980-ல் மார்ட்டின் போர்ட்டர் வெளியிட்ட வழிமுறையின் வாரிசு இது. நீங்கள் எந்த வடிவத்தில் கேட்டாலும் விடை கிடைப்பது அதனால்தான்.

எர்ரர் செய்தியில் எந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, தெரியுமா?

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கரென் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சொல் எத்தனை குறைவான பக்கங்களில் வருகிறதோ, தேடலில் அதற்கு அத்தனை மதிப்பு என்பது அதன் கரு. லூசீன், எலாஸ்டிக்சர்ச் போன்ற இன்றைய தேடல் எஞ்சின்களின் மதிப்பெண் கணக்குக்குள் அந்த எண்ணம் இன்றும் உட்கார்ந்திருக்கிறது.

இதை வைத்து நாம் என்ன செய்யலாம்? எர்ரர் செய்தியை முழுதாக ஒட்டாதீர்கள். அதில் உங்கள் கோப்பின் பெயர், ஃபோல்டர் பாதை, வரி எண் எல்லாம் உங்களுக்கு மட்டுமே உரியவை; உலகில் வேறெந்தப் பக்கத்திலும் இராது. அவற்றை வெட்டுங்கள். எங்கும் வரும் பொதுச் சொற்களையும் விடுங்கள். நடுவில் மிஞ்சும் அந்த அபூர்வமான சொற்றொடரை மட்டும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். குறி தப்பாது!

பெயரே தெரியாத ஃபங்ஷனையும் தேடிப் பிடிக்கலாம், தெரியுமா?

இதைக் கேட்டால் அசந்துபோவீர்கள். ஹாஸ்கெல் மொழிக்கு ஹூகிள் என்று ஒரு தேடல் தளம் உண்டு. நீல் மிட்செல் என்பவர் உருவாக்கியது. அங்கே பெயரைக் கேட்க வேண்டாம். என்ன கொடுப்பேன், என்ன வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். "ஒன்றை இன்னொன்றாக மாற்றும் ஒரு ஃபங்ஷனும், முதல் வகைப் பொருள்களின் பட்டியலும் தருவேன், இரண்டாம் வகைப் பொருள்களின் பட்டியல் வேண்டும்" என்று ஹாஸ்கெலின் குறியீட்டில் எழுதினால், "அதற்குப் பெயர் மேப்" என்று எடுத்துக் கொடுக்கிறது! வரி மறந்த பாட்டை மெட்டு மட்டும் முணுமுணுத்தாலே எந்தப் படம் என்று சொல்லிவிடும் கேசட் கடைக்காரரைப் போல. ரஸ்ட் டாக்ஸின் தேடல் பெட்டியும் இப்போது இப்படி வகையை வைத்துத் தேட விடுகிறது.

கன்ட்ரோல் எஃப்புக்கு உள்ளேயும் ரகசியங்கள் உண்டு, தெரியுமா?

ஃபயர்ஃபாக்ஸில் ஒற்றை மேற்கோள் குறியைத் தட்டிவிட்டு ஒரு சொல்லை அடியுங்கள். பக்கத்தில் உள்ள லிங்குகளில் மட்டும் தேடும்! நீளமான பொருளடக்கப் பக்கத்தில் வேண்டிய அத்தியாயத்தைப் பிடித்து என்டர் தட்டி உள்ளே போய்விடலாம். குரோமிலோ, மூடி மடித்துவைத்த பகுதிக்குள் இருக்கும் சொல்லைக்கூட, பக்கத்தை எழுதியவர் அதற்கு இடம் கொடுத்திருந்தால், கன்ட்ரோல் எஃப் தானே பிரித்துக் காட்டும்.

கண்டுபிடித்ததை நண்பருக்கு எப்படி அனுப்புவீர்கள்? "பக்கத்தைத் திற, கீழே போ, நாலாவது பத்தியைப் பார்" என்று சொல்ல வேண்டாம். குரோமில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து வலப்பக்கச் சொடுக்குப் போட்டால், அந்த இடத்துக்கான லிங்கை நகலெடுக்கும் வசதி வரும். வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் திறந்ததும் பக்கம் நேரே அந்த வரிக்கு இறங்கி, அதை வண்ணமிட்டுக் காட்டும். தமிழ்ப் பக்கத்திலும் இது வேலை செய்யும்!

ஒரு மணி நேரப் பாட வீடியோவுக்குள்ளும் சொல்லைத் தேடலாம், தெரியுமா?

ஐஐடி மெட்ராஸ் முன்னின்று நடத்தும் என்பிடெல் பாடங்களை யூட்யூபில் பார்க்காத பொறியியல் மாணவர் குறைவு. வீடியோவின் விவரப் பகுதியை விரித்து, பேச்சின் எழுத்து வடிவத்தைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். பேராசிரியர் பேசியது முழுக்க நேரக் குறிப்போடு பக்கவாட்டில் வரும். இப்போது கன்ட்ரோல் எஃப்! வேண்டிய சொல் வரும் வரியைச் சொடுக்கினால் வீடியோ அந்த நொடிக்கே தாவும். தேர்வுக்கு முந்தைய இரவில் இது கைகொடுக்கும்.

தமிழில் தேடும்போது ஒரு புள்ளி உங்களைக் காப்பாற்றும், தெரியுமா?

தமிழ்ப் பக்கத்தில் "கோப்பு" என்று தேடிப் பாருங்கள். கோப்பு, கோப்புகள், கோப்புக்கு எல்லாம் மாட்டும். கோப்பில், கோப்பை, கோப்பின் மாட்டாது! வேற்றுமை உருபு சேரும்போது கடைசி உகரம் போய்விடுகிறதே. அதனால் "கோப்" என்று புள்ளி வைத்த எழுத்தோடு நிறுத்தித் தேடுங்கள். அத்தனை வடிவமும் வந்து விழும். "வகுப்", "அமைப்" என்று இப்படி முடியும் சொற்களுக்கெல்லாம் இதே உத்திதான்.

பழைய தமிழ் பிடிஎஃப்பில் எதைத் தேடினாலும் ஒன்றுமே வரவில்லையா? குறை உங்கள் தேடலில் இல்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். உள்ளே பதிந்திருப்பது வேறு குறியீடுகள். அதை யூனிகோடுக்கு மாற்றியபின்தான் தேட முடியும். யூனிகோடிலும் கவனிக்க ஒன்று உண்டு. "கொ"வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கத் தெரியாத மென்பொருள் பாதியைத் தவறவிட்டுவிடும். தேடல் எழுதும் தம்பி தங்கைகளே, முதலில் இதைச் சரிசெய்யுங்கள்!

தமிழ் டாக்ஸைத் தேடும் கருவிகள் இப்போதே தயார், தெரியுமா?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய சேதி! சொல்லின் வாலை வெட்டும் போர்ட்டரின் வழியில் வளர்ந்த ஸ்னோபால் தொகுப்பில் தமிழும் இருக்கிறது. 2019 அக்டோபரில் வந்த போஸ்ட்கிரெஸ் 12-லிருந்து அந்த டேட்டாபேஸிலேயே தமிழ்ச் சொல் தேடல் உள்ளடங்கி வருகிறது. பிரவுசருக்குள்ளேயே தேடும் லூனர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிக்கான மொழித் தொகுப்பிலும் தமிழ் உண்டு. பைதான் டாக்ஸைக் கட்டும் ஸ்ஃபிங்க்ஸை நிறுவும்போது உடன் வந்து இறங்கும் ஸ்னோபால் பொதியைத் திறந்து பாருங்கள், அங்கேயும் தமிழ்! ஸ்ஃபிங்க்ஸின் தேடல் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்ப்பது ஒன்றுதான் பாக்கி. சில பத்து வரிகளில் முடிகிற வேலை. கல்லூரி மாணவர் ஒருவர் விடுமுறையில் எடுத்துச் செய்யலாம்.

கலைச்சொல்லுக்கும் தவிக்க வேண்டாம். கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும், தமிழக அரசின் சொற்குவைத் தளத்திலும் பிரவுசரிலேயே தேடலாம். முகவரிப் பட்டியில் அவற்றுக்கும் ஒரு சுருக்கச் சொல் வைத்துவிடுங்கள்.

தேடும் கருவி இருக்கிறது, சொல் இருக்கிறது, படிக்கத் துடிக்கும் பிள்ளைகள் ஊர் ஊராக இருக்கிறார்கள். குறைவது தமிழில் எழுதிய டாக்ஸ் மட்டுமே! நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். எப்படி நிறுவுவது, முதல் எடுத்துக்காட்டு என்ன, அடிக்கடி வரும் எர்ரர் எது, அதைத் தீர்ப்பது எப்படி என்று நான்கு தலைப்பில் நல்ல தமிழில், யூனிகோடில் ஒரு பக்கம் எழுதி வெளியிடுங்கள். அது தேடலில் சிக்கும். சீர்காழியிலோ செங்கோட்டையிலோ முதல்முறையாகக் கோடு எழுத உட்காரும் ஒருவருக்கு அந்தப் பக்கம் ஒரு மாலைப்பொழுதை மிச்சப்படுத்தும். இந்த வாரமே தொடங்குங்கள்!